குடலில் குடியிருப்போரும் குடல் அழற்சி நோயும்



மலருக்கு உடல்நலக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று ஆசிரியர் குழுவினர் கேட்டபோது, நான் சர்க்கரை நோயைப் பற்றியோ இரத்தக் கொதிப்பைப் பற்றியோ எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவற்றைப் பற்றி நம்மவர்களுக்கு ஓரளவு தெரியும். சங்கக் கூட்டத்திலும் கல்யாண வீட்டிலும் அவற்றைப் பற்றி வெளிப்படையாகப் பேசுகிறோம். ஆனால் யாரும் வாய்விட்டுப் பேசாத நோய் ஒன்று உண்டு. அது கழிப்பறையில் தெரிய வரும் நோய். அதனாலேயே வெட்கப்பட்டு மறைக்கப்படும் நோய். அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் மருத்துவன் அல்லன். பள்ளியில் உயிரியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்று, புரோத்ராபூரில் குடியிருப்பவன். என் தங்கை மகனுக்கு இந்த நோய் வந்த பிறகு, தெரிந்த மருத்துவர்களைக் கேட்டும் படித்தும் அறிந்துகொண்டதை நம் குடும்பங்களுக்குச் சொல்வது கடமை என்று நினைக்கிறேன்.

நோய் என்ன?

குடல் அழற்சி நோய் என்பது இரண்டு நோய்களுக்குப் பொதுப்பெயர். ஒன்று, பெருங்குடலின் உட்புறத் தோல் சிவந்து புண்ணாகி இரத்தம் கசியும் ‘அல்சரேட்டிவ் கோலைடிஸ்’. மற்றொன்று, வாய் முதல் ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரக்கூடிய ‘கிரோன் நோய்’. இது குடற்சுவரின் ஆழம் வரை ஊடுருவும். 1932ஆம் ஆண்டு நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையின் மூன்று மருத்துவர்கள் இதை விவரித்து எழுதினர். அவர்களில் ஒருவரான பர்ரில் கிரோன் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது.

மலத்தில் இரத்தமும் சளியும், ஒரு நாளைக்குப் பல முறை போக வேண்டிய அவசரம், நடு இரவில் எழுந்து ஓட வேண்டிய நிலை, வயிற்று வலி, எடை குறைவு, சோர்வு, சிலருக்கு மூட்டு வலி, இவையெல்லாம் அறிகுறிகள். பிள்ளைகளாயிருந்தால் வளர்ச்சியே நின்றுபோவதும் உண்டு. பெரும்பாலும் 15 முதல் 35 வயதுக்குள் தலைகாட்டும். படிக்கும் வயது, வேலை தேடும் வயது, மணமாகும் வயது! நோய் சில மாதம் அடங்கிக் கிடக்கும், பிறகு மீண்டும் எழும். அடியோடு அழிக்க மருந்து இல்லை. ஆனால் அடக்கி வைக்க நல்ல மருந்துகள் உண்டு.

குடியிருப்போர் யார்?

நம் உடலில் நாம் மட்டும் வாழவில்லை. ஒரு சராசரி மனிதனின் உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016ஆம் ஆண்டு வெளிவந்த கணக்கு கூறுகிறது. இவற்றில் மிகப் பெரும்பாலானவை குடியிருப்பது பெருங்குடலில். எல்லாவற்றையும் சேர்த்து எடை போட்டால் 200 கிராம் தேறும்.

கிருமி என்றாலே கெட்டது என்று நாம் படித்திருக்கிறோம். பாடம் நடத்திய நானும் காலராக் கிருமி, டைபாய்டு கிருமி என்று பகைவர் பட்டியலைத்தான் அதிகம் சொல்லியிருக்கிறேன். குடலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பகைவர் அல்லர். பிறக்கும்போது தாயிடமிருந்தும், பிறகு தாய்ப்பாலிலிருந்தும், மண், தண்ணீர், உணவு ஆகியவற்றிலிருந்தும் வந்து குடியேறுகிறார்கள். குழந்தைக்கு மூன்று வயது ஆவதற்குள் அந்தக் குடியிருப்பு பெரும்பாலும் அமைந்துவிடுகிறது.

வாடகையும் தருகிறார்கள். நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தையும் ஒருவகை மாவுச்சத்தையும் நொதிக்க வைத்து ‘பியூட்டிரேட்’ போன்ற அமிலங்களை உண்டாக்குகிறார்கள். பெருங்குடலின் உட்புறச் செல்களுக்கு முக்கிய எரிபொருள் இந்த பியூட்டிரேட்தான். இந்த உறவை மருத்துவத்துக்குப் பயன்படுத்திக் காட்டியவர்களில் நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினரும் உண்டு. டாக்டர் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் அவருடைய குழுவினரும், சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்தை உப்பு சர்க்கரைக் கரைசலில் கலந்து காலரா நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். அந்த மாவு பெருங்குடல் வரை சென்று, பாக்டீரியாக்களுக்கு உணவாகி, அவை தந்த அமிலங்கள் உப்பையும் நீரையும் உடலுக்குள் திரும்ப இழுக்க உதவின. பேதியும் குறைந்தது. 2000ஆம் ஆண்டு அந்த ஆய்வு வெளிவந்தது.

சண்டை எப்படி வருகிறது?

இத்தனை கோடிப் பேரும் நம் இரத்தத்துக்கு மிக அருகில் வசிக்கிறார்கள். இடையே இருப்பது ஒரு சளிப் படலமும், ஒற்றை வரிசைச் செல்களும். அந்தப் பக்கம் நம் உடலின் காவல்படையான நோய் எதிர்ப்பு அணுக்கள் நிற்கின்றன. ஆரோக்கியமான உடலில் காவலர்கள் குடியிருப்போரை அடையாளம் கண்டு சும்மா விட்டுவிடுகிறார்கள். குடல் அழற்சி நோயில் அந்தச் சமாதானம் குலைகிறது. காவலர்கள் ஓயாமல் தாக்க, வெந்து புண்ணாவது நம் குடற்சுவர்தான்.

இதில் பாக்டீரியாக்களுக்குப் பங்கு உண்டு என்பதற்கு ஆதாரங்கள் வலுவானவை. பெல்ஜியத்தின் லூவன் நகர மருத்துவர்கள் 1991இல் ஐந்து கிரோன் நோயாளிகளைப் பற்றி எழுதினர. அவர்களுக்கு நோயுற்ற குடல் பகுதியை வெட்டி இணைத்த பின், மலம் அந்த வழியே போகாதபடி ஆறு மாதம் திருப்பிவிட்டார்கள். அதுவரை இணைப்பில் நோய் திரும்பவில்லை. பழைய வழியைத் திறந்துவிட்ட பின் திரும்பியது. மற்றொன்று எலிகளில் கண்டது. எதிர்ப்பு சக்தியைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணு இல்லாத எலிகளுக்கு இயல்பாகக் குடல் அழற்சி வரும். அதே எலிகளைக் கிருமியே இல்லாத கூண்டில் வளர்த்தபோது நோய் வரவில்லை. இது 1998ஆம் ஆண்டு முடிவு.

அப்படியானால் எந்தக் கிருமி குற்றவாளி? இந்தக் கேள்விக்குத்தான் பல்லாண்டுகள் தேடினார்கள். காலராவுக்கு ஒரு கிருமி, காசநோய்க்கு ஒரு கிருமி என்பதுபோல் இதற்கு ஒன்று அகப்படவில்லை. கண்டது வேறு. நோயாளிகளின் குடலில் பாக்டீரியா வகைகளே குறைந்திருக்கின்றன. பியூட்டிரேட் தரும் நல்லவர்கள் அருகிப் போகிறார்கள். ‘ஃபீகலிபாக்டீரியம்’ என்ற அத்தகைய பாக்டீரியா, அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட கிரோன் நோயாளிகளில் யாருக்குக் குறைந்திருந்ததோ அவர்களுக்கு நோய் அதிகம் திரும்பியது என்று பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2008இல் காட்டினர். ஊரில் நல்லவர்கள் குறைந்தால் கலகக்காரர்களுக்குத் துணிச்சல் வருவதில்லையா, அதுபோலத்தான்.

இந்தக் குலைவு முதலில் வந்து நோயைக் கொண்டுவருகிறதா, நோய் வந்ததால் குலைகிறதா என்பது இன்னும் தீராத வழக்கு. பரம்பரை, எதிர்ப்பு சக்தி, உணவு, சூழல், பாக்டீரியா ஆகிய எல்லாம் சேர்ந்த கூட்டு வினை என்பதே மருத்துவர்கள் கருத்து.

ஊர் மாறினால் குடலும் மாறும்

நம் போன்ற புலம்பெயர்ந்த குடும்பங்கள் கவனிக்க வேண்டிய பகுதி இது. குடல் அழற்சி நோய் முன்பு வெள்ளையர் நாடுகளின் நோய் என்றே கருதப்பட்டது. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் குடியேறிய இந்தியர்களை 1990களின் தொடக்கத்தில் ஆராய்ந்தபோது, அல்சரேட்டிவ் கோலைடிஸ் அவர்களிடையே அங்குள்ள வெள்ளையரைவிடவும் அதிகமாக இருந்தது. மலேசியாவில் ஈப்போ நகரைச் சூழ்ந்த கிந்தா பள்ளத்தாக்கில் நடந்து 2015இல் வெளிவந்த ஆய்விலும், மலாய்க்காரர், சீனர், இந்தியர் மூவரில் இந்தியருக்கே இந்நோய் கூடுதலாக வந்தது. மலேசிய இந்தியரில் பெரும்பாலோர் தமிழர் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. கனடாவில் எடுத்த கணக்கு மற்றொன்றைச் சொல்கிறது. எவ்வளவு இளம் வயதில் குடியேறுகிறார்களோ அவ்வளவு ஆபத்து கூடுகிறது. அங்கே பிறந்த தெற்காசியக் குழந்தைகளுக்கு அந்நாட்டாருக்குள்ள அளவு ஆபத்து வந்துவிடுகிறது.

பாட்டன் பாட்டியிடம் பெற்ற மரபணு ஒரு தலைமுறையில் மாறாது. மாறக்கூடியது உணவும் தண்ணீரும் மருந்தும், அவற்றால் குடலில் வாழ்வோரும். தாய்லாந்திலிருந்து அமெரிக்காவின் மின்னசோட்டாவுக்குக் குடியேறிய மொங், கரேன் இனப் பெண்களையும் அவர்களுடைய இனத்தாரையும் சேர்த்து 500க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். குடியேறிய சில மாதங்களிலேயே அவர்களது குடல் பாக்டீரியாக்கள் மாறத் தொடங்கின. அடுத்த தலைமுறையில் வகைகள் இன்னும் குறைந்தன.

நாம் மெயின்லேண்டிலிருந்து கடல் தாண்டி வந்தவர்கள். நம் பிள்ளைகள் பலர் இங்கிருந்து வேறு நாடுகளுக்கும் போகிறார்கள். கப்பல் தாமதித்தால் காய்கறி விலை ஏறும் இந்தத் தீவில், பாக்கெட் நூடுல்ஸும் பிஸ்கட்டும் மட்டும் எந்தக் கடையிலும் தீர்ந்துபோவதில்லை! அவ்வகை உணவுகள் சிலவற்றில் எண்ணெயும் நீரும் பிரியாமலிருக்கச் சேர்க்கும் பொருள்களில் இரண்டு, எலிகளின் குடல் பாக்டீரியாக்களைக் கெடுத்து அழற்சியைத் தூண்டியதாக 2015இல் ஓர் ஆய்வு வந்தது. எலிக்கு நடந்தது மனிதனுக்கும் அப்படியே நடக்கும் என்று கொள்ள முடியாது. ஆனாலும் தாய்மார்கள் மனத்தில் வைக்க வேண்டிய செய்தி.

எட்டு மாதம் போயிற்று

என் தங்கை மகனுக்கு அப்போது வயது 19. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். மலத்தில் இரத்தம் வருவதை இரண்டு மாதம் வரை தாயிடமும் சொல்லவில்லை. சொன்னதும், ‘மூலச்சூடு’ என்று முடிவு செய்து கருணைக்கிழங்கும் துத்திக்கீரையும் ஆக்கிப்போட்டார்கள். பிறகு ‘சீதபேதி’ என்று மருந்துக் கடையில் கேட்டு மாத்திரை வாங்கினார்கள். பார்த்த மருத்துவர் ஒருவரும் சோதனை எதுவும் செய்யாமல் நான்கு முறை வெவ்வேறு ஆன்டிபயாடிக் எழுதிக்கொடுத்தார். ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் குறைந்ததுபோல் தெரியும், பின்பு முன்னைவிட மோசமாகும். எட்டு மாதத்தில் 11 கிலோ இளைத்துவிட்டான்.

அந்த நாட்களில் டிக்லிபூரில் ஒரு திருமணம். நானும் அழைத்தேன். தயங்கித் தயங்கிச் சொன்னான்: “மாமா, ஜிர்காடாங் தாண்டினா கான்வாய்ல வண்டிய நிறுத்த விட மாட்டாங்க. என்னால அவ்வளவு நேரம் அடக்க முடியாது.” அப்போதுதான் அந்தப் பிள்ளை எதையெல்லாம் கணக்குப் பார்த்து வாழ்கிறான் என்பது எங்களுக்கு உறைத்தது. பேருந்தில் ஏறுமுன், வகுப்பில் உட்காருமுன், ஒரு வீட்டுக்குள் நுழையுமுன், கழிப்பறை எங்கே என்று தேடிக்கொண்டிருந்திருக்கிறான்.

சென்னைக்கு அழைத்துப்போனோம். கொலனோஸ்கோபி செய்து, சிறு சதைத் துண்டு எடுத்துச் சோதித்து, அல்சரேட்டிவ் கோலைடிஸ் என்று உறுதி செய்தார்கள். மெசலமின் மாத்திரையும் எனிமாவும் தொடங்கிய ஆறு வாரத்தில் இரத்தம் நின்றது. இன்று படிப்பை முடித்து வேலையில் இருக்கிறான். மருந்தை விடாமல் எடுக்கிறான். டிக்லிபூருக்கும் போய் வந்துவிட்டான்.

இரத்தபேதி என்றால் எல்லாமே கிருமித் தொற்று என்று எண்ணுவதற்கு நம் தீவில் காரணம் உண்டு. ‘ஷிகெல்லா’ என்ற பாக்டீரியாவால் வரும் இரத்தபேதி இங்கே உண்மையாகவே உள்ளது. பக்கத்து டாலிகஞ்சில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் வட்டார மையம் அதைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து, ஆன்டிபயாடிக்குகளுக்கு அது மேலும் மேலும் அடங்காமல் போவதை 2012இல் எழுதியிருக்கிறது. ஆகவே மலச் சோதனை செய்யாமல் ஆன்டிபயாடிக் விழுங்குவது தொற்றுள்ளவர்களுக்கும் கேடு, தொற்றில்லாதவர்களுக்கும் கேடு. அந்த மாத்திரைகள் நல்ல குடியிருப்போரையும் சேர்த்தே கொல்கின்றன. அடிக்கடி ஆன்டிபயாடிக் எடுத்தவர்களுக்குக் குடல் அழற்சி நோய், குறிப்பாகக் கிரோன் நோய், கூடுதலாக வருவதைப் பல நாட்டுக் கணக்குகள் காட்டுகின்றன. தேவையானபோது ஆன்டிபயாடிக் உயிர் காக்கும் மருந்து. அந்தத் தேவையை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே.

மற்றொரு சிக்கல் நம் நாட்டுக்கே உரியது. குடலில் வரும் காசநோயும் கிரோன் நோயும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். காசநோய்க்காரருக்குக் கிரோன் நோய் என்று ஸ்டீராய்டு கொடுத்தால் காசநோய் பரவிவிடும். அதனால்தான் சதைச் சோதனைக்கு மருத்துவர்கள் வற்புறுத்துகிறார்கள்.

பாக்டீரியாவே மருந்தாகுமா?

முதல் உலகப் போரில், 1917ஆம் ஆண்டு, ஜெர்மானிய மருத்துவர் ஆல்ஃபிரெட் நிஸ்லே ஒன்றைக் கவனித்தார். உடன் இருந்தவர்கள் பேதியில் வீழ்ந்தபோது ஒரு சிப்பாய் மட்டும் நலமாக இருந்தான். அவன் மலத்திலிருந்து அவர் பிரித்தெடுத்த பாக்டீரியா இன்றும் அவர் பெயரால் மருந்தாக வழங்குகிறது. அல்சரேட்டிவ் கோலைடிஸ் அடங்கியபின் மீண்டும் எழாமல் காப்பதில் அது மெசலமினுக்கு இணையாக இருந்தது என்று 2004இல் ஒரு பெரிய ஆய்வு கண்டது. ஆனால் இது அந்த ஒரு பாக்டீரியாவுக்கு உள்ள சான்று. கடையில் ‘புரோபயாடிக்’ என்று விற்கும் எல்லாவற்றுக்கும் அது பொருந்தாது.

இன்னொரு வியப்பு. ஸ்வீடனின் நானா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் மருத்துவர் 1940களில் அறிமுகப்படுத்திய ‘சல்ஃபாசலசின்’ இந்நோய்க்கு நெடுங்காலமாகத் தரப்படும் மாத்திரை. அது பெருங்குடலை அடைந்ததும் அங்குள்ள பாக்டீரியாக்கள்தாம் அதை இரண்டாக உடைத்து மருந்தை வெளிப்படுத்துகின்றன. குடியிருப்போர் ஒத்துழைக்காவிட்டால் அந்த மருந்து வேலை செய்யாது!

அடுத்ததைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். நலமாயிருப்பவரின் மலத்தைப் பக்குவப்படுத்தி, நோயாளியின் குடலுக்குள் செலுத்தும் ‘மல மாற்றுச் சிகிச்சை’. புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வில், மிதமான அல்சரேட்டிவ் கோலைடிஸ் உள்ள 35 பேருக்கு இச்சிகிச்சையையும், கூடவே தனி உணவுத் திட்டத்தையும் கொடுத்தார்கள். 31 பேருக்கு வழக்கமான மருந்து. எட்டு வாரத்தில் முதல் பிரிவில் 21 பேருக்கும் இரண்டாம் பிரிவில் 10 பேருக்கும் நோய் அடங்கியது. கவனிக்க வேண்டியது, மலம் கொடுத்தவர்கள் கிராமத்துக்காரர்கள்! நகரத்து நோயாளிக்கு இழந்த குடியிருப்போரைத் திருப்பித் தர, மருத்துவர்கள் கிராமத்தைத் தேடிப் போயிருக்கிறார்கள்.

இதை வீட்டில் செய்து பார்க்க நினைப்பது பேராபத்து. சரியாகச் சோதிக்கப்படாத மலத்தில் இருந்த, மருந்துக்கு அடங்காத கிருமியால் அமெரிக்காவில் ஒரு நோயாளி இறந்ததாக 2019இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது.

நம் பழைய சோற்றுக்கும் இங்கே ஒரு வார்த்தை. இரவு முழுதும் நீரில் ஊறிப் புளித்த சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. ஆறிய சோற்றில், நான் மேலே சொன்ன செரிக்காத மாவுச்சத்தும் சற்றுக் கூடுகிறது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை மருத்துவர்கள் இதைக் குடல் அழற்சி நோயாளிகளிடம் ஆராய எடுத்துக்கொண்டது நமக்குப் பெருமை. அதற்காக மாத்திரையைத் தூர எறிந்துவிட்டுப் பழைய சோற்றுப் பானையை நம்பிவிடக் கூடாது. நலமாயிருப்பவர்களுக்கு நல்ல காலை உணவு அது. காய்ச்சி ஆறிய தண்ணீர் ஊற்றி வையுங்கள். நோய் எழுந்திருக்கும்போது எதை உண்பது என்பதை மருத்துவரிடம் கேளுங்கள்.

நம் குடும்பங்களுக்குச் சில வேண்டுகோள்கள்

1. மலத்தில் இரத்தம் வந்தால் மூலம் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டு வாரத்தைத் தாண்டினால், அல்லது எடை குறைந்தால், இரவில் எழுந்து போக நேர்ந்தால், குடல் நோய் நிபுணரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்.

2. மலத்தில் ‘கால்புரோடெக்டின்’ அளவைப் பார்க்கும் எளிய சோதனை உள்ளது. குடலில் அழற்சி உண்டா என்பதை ஊகிக்க அது உதவும். உறுதி செய்ய கொலனோஸ்கோபி வேண்டும்.

3. சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள். நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வலி மாத்திரையும் வாங்க வேண்டாம். புரூஃபென், டைக்ளோஃபினாக் போன்றவை நோயைத் தூண்டக்கூடும். கிரோன் நோயுள்ளவர்கள் புகைப்பதை அறவே விட வேண்டும்.

4. நோய் அடங்கிவிட்டது என்று மருந்தை நிறுத்தாதீர்கள். பெருங்குடலில் நோய் பல்லாண்டுகள் நீடித்தால் புற்றுநோய் வாய்ப்பும் கூடும். எட்டு ஆண்டுகள் ஆனவர்கள் கொலனோஸ்கோபி கண்காணிப்பைப் பற்றிக் கேட்க வேண்டும்.

5. இது தொற்றுநோய் அல்ல. தட்டு, டம்ளரைப் பிரித்து வைக்காதீர்கள். நோய் அடங்கியிருக்கும் காலத்தில் திருமணம் செய்து, மருத்துவர் மேற்பார்வையில் நல்லபடியாகக் குழந்தை பெற்ற பெண்கள் எத்தனையோ பேர்.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒன்று. பிள்ளைகளிடம் மதிப்பெண்ணைக் கேட்கிறோம், சாப்பிட்டாயா என்று கேட்கிறோம். வயிறு எப்படி இருக்கிறது, வெளிக்குச் சரியாகப் போகிறதா என்பதையும் கூச்சமின்றிக் கேளுங்கள். பெண் பிள்ளைகளிடம் தாய்மார்கள் கட்டாயம் கேளுங்கள். வரன் தட்டிப்போகும் என்ற பயத்தில் மறைக்கிறவர்கள் அவர்கள்தாம். எட்டு மாதமோ எட்டு வருடமோ கழிந்த பின் கப்பலேறுவதைவிட, எட்டாம் நாளே வாய் திறந்து சொல்வது எவ்வளவோ மேல்.